திருப்பி வைத்த வாசல்

நான் எழுதிய கதையில் வரும் பெண் தன் புருஷனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்திராதிபர் சொன்னார். அண்ணாவும் சொன்னார். சேர்த்துக்கொள்ள மாட்டாள் என்று நான் சொன்னேன். சண்டை இவ்வளவுதான். வருஷங்கள் எத்தனையோ ஓடிவிட்டன. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபத்தை ஆற வைத்துவிட்டு எழுத எனக்குத் தெரியாது. அப்படியே எழுதுகிறேன்.

சாந்தோமில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த என்னை நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்தார்கள். சில வருஷங்களில் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். நான் மயிலாப்பூரில் அண்ணா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இதைப் படித்து யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். அண்ணா வீட்டில் சோறு இருந்தது. மன்னி, அதாவது அண்ணாவின் மனைவி, நல்லவள். வேலையும் தாராளமாக இருந்தது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ளத்தான் அந்த வீட்டில் ஓர் ஆணிகூட இல்லை. என் புடவை மன்னியின் கொடியில்தான் உலர்ந்தது.

அண்ணாவுக்கு ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாம்பலத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். தியாகராய நகர் என்று புதுப்பெயர் வைத்திருந்தார்கள். மயிலாப்பூரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "ஏரிக்குள்ளே குடியேறிட்டா" என்றுதான் சொன்னார்கள். சொன்னதில் தப்பில்லை. தெருவுக்குக் கல் நட்டிருந்தார்கள், தெருவில் வீடு இல்லை. வெடித்த களிமண், அதன் மேல் புழுதி, புழுதிக்கு மேல் வெயில். ஆனி, ஆடியில் காற்று அடித்தால் வடித்த சோற்றில் மண் கரகரக்கும். மொட்டை மாடியில் அப்பளத்தைக் காய வைத்தால் சாயங்காலம் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

அண்ணா ஆபீஸிலிருந்து தடித்தடியாகச் சரித்திரப் புஸ்தகங்கள் கொண்டுவருவார். நாலு பக்கம் படித்துவிட்டு மார்பின் மேல் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிடுவார். மறுநாள் அவர் ஆபீஸ் போன பிறகு நான் எடுத்துப் படிப்பேன். என் இங்கிலீஷ் அரைகுறை. தெரியாத வார்த்தையைத் தாண்டிக்கொண்டு போவேன். அப்படிப் படித்த ஒரு புஸ்தகத்தில், அரபு தேசத்துப் பாலைவனத்தைப் பற்றிய அத்தியாயத்தில், இரண்டே வரி இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே சில கூட்டங்களில் கூடாரம் பெண்ணுக்குச் சொந்தம். புருஷன் வேண்டாம் என்று அவள் தீர்மானித்தால், கூடாரத்தின் வாசலை வேறு திசையில் திருப்பி வைத்துவிடுவாள். அவன் வருவான், பார்ப்பான், போய்விடுவான். பஞ்சாயத்து இல்லை, அழுகை இல்லை, பெரியவர்கள் வந்து சமாதானம் பேசுவது இல்லை.

அந்த இரண்டு வரியைப் படித்த அன்று சாம்பார் அடிப்பிடித்துப் போயிற்று. மன்னி வந்து பார்த்துவிட்டு, "என்னடி, வீடே பத்திண்டு எரிஞ்சாலும் படிச்சிண்டு நிப்பே போல்ருக்கே" என்றாள்.

அன்று மத்தியானமே எழுத ஆரம்பித்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை. ஒட்டகக்காரி என்று அவளுக்குப் பெயர். வேறு பெயர் வைக்கவில்லை. தகப்பன் விட்டுப்போன ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு, உப்பும் பேரீச்சம்பழமும் ஏற்றிப் பாலைவனத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகிறவள். எந்தக் கிணற்றில் எந்த மாதம் தண்ணீர் வற்றும் என்று தெரிந்தவள். நட்சத்திரம் பார்த்து வழி சொல்லுவாள். சந்தையில் ஆண்பிள்ளைகளுக்கு நேரே நின்று பேரம் பேசுவாள். அவள் புருஷன் பட்டணத்தில் ஒருத்தியைப் பார்த்து, நல்ல ஒட்டகங்களாகப் பொறுக்கி ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். அவள் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கி, வாசலை வடக்குப் பக்கம் திருப்பி அடிக்கிறாள். அங்கே கதை ஆரம்பம். மீந்த கிழட்டு ஒட்டகங்களை வைத்துக்கொண்டு அவள் மறுபடி எப்படி ஒரு கூட்டத்துக்குத் தலைவியாகிறாள் என்பது மீதி.

பாலைவனத்தை நான் பார்த்ததே இல்லை. ஏரியைப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் போதும்.

மயிலாப்பூரில் ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதன் பத்திராதிபர் அண்ணாவுக்குப் பள்ளிக்கூடத்து சிநேகிதர். அண்ணாவே கொண்டுபோய்க் கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை. பத்திராதிபருக்குப் பிடித்துவிட்டது. மாதா மாதம் போடுவதாகச் சொன்னார். என் பெயரை மட்டும் போட முடியாதாம். 'ஒரு ஸ்திரீ எழுதியது' என்று போட்டார். அண்ணாவின் கௌரவத்துக்காக என்று சொன்னார்கள். நானும் அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கதை நாலைந்து மாதம் வந்திருக்கும். அது கோடைகாலம். எங்கள் தெருவுக்குக் குழாய் வரவில்லை. கிணற்றில் சேறுதான் வந்தது. பீப்பாய் வைத்த மாட்டு வண்டியில் ஒருவன் தண்ணீர் கொண்டுவருவான். அதைப் பிடிக்க நானும் மன்னியும் வாசலில் குடங்களோடு நிற்போம். ஒரு நாள் மன்னி இன்னொரு குடம் கேட்டாள்.

"இன்னாம்மா, நீயே அல்லாத்தையும் புட்ச்சிக்கினா மத்தவங்க இன்னா பண்ணுவாங்க?" என்றான் வண்டிக்காரன். "அந்தாண்ட வூட்டுல கொயந்தைக்குக் குடிக்கத் தண்ணி இல்லாம குந்திக்கினு கீறாங்க."

"எங்காத்துலயும் மனுஷாதான் இருக்கா" என்றாள் மன்னி.

"கீறாங்க, யாரு இல்லேன்னது? குடிக்கத்தான் தண்ணி. குளிக்கணும்னா அடையாத்துக்குப் போம்மா."

மன்னி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். மேஜை மேல் அந்த மாதத்துப் பத்திரிகை கிடந்தது. அதை எடுத்துப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஏண்டி, உன் ஒட்டகக்காரி தினம் விடியக்காலம்பற எழுந்து தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டுன்னா அடுப்பு மூட்டறா? பாலைவனத்துல அந்தத் தண்ணியை யார் கொண்டு வந்து கொட்டறா? நம்ம வண்டிக்காரனா?"

வாங்கிப் பார்த்தேன். ஆமாம், எழுதியிருந்தேன். ஒரு தடவை இல்லை, மாதா மாதம் எழுதியிருந்தேன். ஒட்டகக்காரி விடியற்காலையில் எழுந்து, ஸ்நானம் செய்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு ரொட்டி சுட்டாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாள் என்றுகூட ஓர் இடத்தில் இருந்தது. பத்திராதிபர் படித்தார், அண்ணா படித்தார், மயிலாப்பூர் முழுவதும் படித்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. குளிக்காமல் அடுப்பங்கரைக்குள் போகிற பெண்ணை எங்களில் ஒருத்தராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நானும் மன்னியும் குடத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தோம். அடுத்த மாதத்திலிருந்து ஒட்டகக்காரி மணலால் கையைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு ரொட்டி சுட்டாள். அதற்குப் பத்திராதிபர் சொல்லியனுப்பினார். "திடீரென்று சுத்தபத்தம் இல்லாதவளாக ஆகிவிட்டாளே, ஏன்?" என்று. ஏரிக்குள்ளே வந்து ஒரு மாதம் இருந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று பதில் அனுப்பினேன்.

மயிலாப்பூரில் அப்போது ஒரு தெருவுக்கு ஒரு பிரதி வந்தால் அதிகம். பத்திரிகை வருகிற வீட்டில் மத்தியானம் எல்லாரும் கூடுவார்கள். ஒருத்தி வாய்விட்டுப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். எழுத்துத் தெரிந்தவர்களும் கேட்கத்தான் வருவார்கள். குளத்துக்குப் பின்னால் ஒரு வக்கீல் வீட்டில்தான் பெரிய கூட்டம். வக்கீலின் மனைவி படிப்பாள். நல்ல குரல், நிறுத்தி நிறுத்திப் படிப்பாள். சண்டை வந்தால் இரண்டு குரலில் படிப்பாள். கேட்கிறவர்களில் ஒருத்தி கத்திரிக்காய் நறுக்குவாள், ஒருத்தி திரி திரிப்பாள், ஒருத்தி குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பாள். நான் மாம்பலத்திலிருந்து போகிற நாட்களில் மூலையில் உட்கார்ந்துகொள்வேன். எழுதுகிறது நான்தான் என்று அவர்களுக்குத் தெரியும். 'ஒரு ஸ்திரீ' என்ற சங்கதியெல்லாம் அந்தத் தெருவில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

முதல் மாதம் வாசலைத் திருப்புகிற அத்தியாயத்தைப் படித்தார்கள். முடிந்ததும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு மாமி சொன்னாள்: "அவளுக்கென்ன, கூடாரம், திருப்பிட்டா. நம்மாத்து வாசலைத் திருப்பணும்னா கொத்தனார்னா வரணும்!"

"கொத்தனாருக்கும் அவர்கிட்டன்னா காசு கேக்கணும்" என்றாள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள்.

"வாசலை விடுங்கோ. கொல்லைப்பக்கம் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லி நானும் கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டுண்டிருக்கேன்."

வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் இரண்டு பேர் இருந்தார்கள். "இதையெல்லாம் எழுதி அச்சுல வேற போடணுமா?" என்று முணுமுணுத்தார்கள். ஆனால் அடுத்த மாதமும் வந்தார்கள்.

வருஷக் கடைசியில் இரண்டு அத்தியாயம்தான் மிச்சம் இருந்தபோது பத்திராதிபர் எங்கள் வீட்டுக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை. அண்ணா கூடத்தில் நாற்காலி போட்டார். வெளி ஆண்பிள்ளை வந்தால் நாங்கள் கூடத்துக்கு வர மாட்டோம். உள்கதவுக்குப் பின்னால் நிற்போம். அவர் அண்ணாவிடம் பேசுவார். அண்ணா கதவைப் பார்த்துப் பேசுவார். நான் அண்ணாவுக்குப் பதில் சொல்லுவேன். நாலடி தூரத்தில் இருக்கிறவர்கள் பேசிக்கொள்ள இப்படி ஒரு ஏற்பாடு.

"உங்க சிஸ்டர் ரொம்ப நன்னா எழுதறா" என்றார் பத்திராதிபர். "எல்லாரும் கேக்கறா. ஆனா முடிவைப் பத்தி ஒரு வார்த்தை. அந்தப் புருஷன் திரும்பி வரான், சரி. அவ மனசு இளகி, வாசலைப் பழையபடி திருப்பி வச்சு, அவனை உள்ளே அழைச்சுக்கணும். அப்பத்தான் பூர்த்தியா இருக்கும்."

அண்ணா கதவைப் பார்த்தார். "கேட்டியா?"

"கேட்டேன். எதுக்குச் சேர்த்துக்கணும்னு கேளுங்கோ."

"எதுக்குன்னு கேக்கறா" என்றார் அண்ணா.

"காதுல விழுந்தது" என்றார் பத்திராதிபர். "குடும்ப ஸ்திரீகள் படிக்கிற பத்திரிகை. ஒருத்தி கோவத்துல வாசலைத் திருப்பினா, சரி, சரித்திரத்துல இருக்குங்கறா. கடைசி வரைக்கும் அப்படியே இருந்தா அது என்ன மனுஷி? அவன்தான் பச்சாத்தாபப்பட்டு வந்துட்டானே."

"அவன் பச்சாத்தாபப்பட்டான்னு நான் எழுதவே இல்லை. அவன் ஓட்டிண்டு போன ஒட்டகமெல்லாம் செத்துப்போச்சு, அதனால வரான். இவ எதுக்கு இளகணும்?"

அண்ணா இதைத் திருப்பிச் சொல்லவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதோ பாரு, ஆபீஸ்லகூட ஜாடையாக் கேக்கறா. இது உன் கதைன்னுதான் எல்லாரும் நினைச்சிண்டிருக்கா. அவர் சொல்றபடி எழுதிட்டா என்ன குறைஞ்சுடும்?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உடம்பு முழுக்கப் பற்றிக்கொண்டது. கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன். மன்னி பின்னாலிருந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். தலைப்பு அவள் கையோடு போகாமல் பிடித்துக்கொண்டேன்.

"என் கதை இல்லை, அண்ணா" என்றேன். "எனக்கேது கூடாரம், வாசலைத் திருப்ப? இது உங்காத்து வாசல். அவளுக்குக் கூடாரம் இருக்கு. அதனாலதான் அவளைப் பத்தி எழுதறேன். அதையும் புடுங்கிண்டா அவகிட்ட என்ன மிச்சம்?"

பத்திராதிபர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "முடிவை எழுதி அனுப்பச் சொல்லுங்கோ, பார்க்கலாம்" என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்காமலே போனார்.

அனுப்பினேன். நான் எழுதிய முடிவு இதுதான். புருஷன் வெயிலில் நடந்து வருகிறான். உதடு வெடித்திருக்கிறது. அவள் தோல் பையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறாள். பாலைவனத்தில் பகைவனுக்கும் தண்ணீர் உண்டு. அவன் கூடாரத்தைச் சுற்றி வந்து வாசலைத் தேடுகிறான். வாசல் வடக்கே பார்த்திருக்கிறது. அவனுக்கு அர்த்தம் தெரியும். இரண்டு நாளைக்குத் தாங்கும் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கட்டிக் கொடுத்து, அடுத்த கிணறு எந்தப் பக்கம் என்று கையைக் காட்டுகிறாள். மறுநாள் விடியும்போது கூடாரத்தைப் பிரித்து ஒட்டகத்தில் ஏற்றுகிறாள். கூட்டம் கிளம்புகிறது. அவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டவில்லை.

அச்சுக்கு முன்னால் பிழை பார்க்க ஒவ்வொரு மாதமும் தாள் வீட்டுக்கு வரும். அந்த மாதம் வரவில்லை. நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் அண்ணா ஆபீஸ் போனதும் புறப்பட்டேன். ஜட்கா வண்டிக்குக் காசு கேட்டால் துணைக்கு யார் என்று பேச்சு வரும். அதனால் நடந்தேன். தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோட்டைக் கடந்து, ஆழ்வார்பேட்டை வழியாக லஸ் வந்து, அச்சுக்கூடத்தைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். வாழ்க்கையில் அதுவரை தனியாக அவ்வளவு தூரம் நடந்ததில்லை.

உள்ளே மை வாடை. எழுத்துக் கோக்கிறவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுக்கு மேலே ஒரு ஃபோர்மன், நரைத்த மீசைக்காரர், என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா, யாரைப் பார்க்கணும்?"

"ஒட்டகக்காரி கதை எழுதறது நான்தான். இந்த மாசத்துத் தாள் வரலை."

"அட, நீங்கதானா அது!" அவர் முகம் மலர்ந்தது. "நான் கோக்கும்போதே படிச்சிருவேன்மா. வூட்டாண்ட போயி சொன்னா எம் பொஞ்சாதி சோறு துன்னாம கேட்டுக்கினு இருப்பா. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. கடைசீல அவன் கால்ல போயி உயுந்துட்டாளே, அது இன்னாத்துக்கு? எம் பொஞ்சாதி காறித் துப்பிட்டா."

"யார் கால்ல யார் விழுந்தா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், அச்சுத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நின்றபடியே படித்தேன். தண்ணீர் கொடுக்கிற இடம் வரைக்கும் என்னுடையது. அதற்குப் பிறகு வேறு கை. ஒட்டகக்காரியின் கண்ணில் நீர் ததும்புகிறது. கூடாரத்து முளைகளைத் தன் கையாலேயே பிடுங்கி வாசலைத் திருப்பி அடிக்கிறாள். "நாதா, அறியாமையால் செய்த பிழை" என்று அவன் காலில் விழுகிறாள். ஒட்டகங்களை அவன் கையில் ஒப்படைக்கிறாள். கடைசியில் சுபம். கீழே, 'ஒரு ஸ்திரீ எழுதியது.'

பத்திராதிபர் பக்கத்து அறையில் இருந்தார். தாளை அவர் மேஜையில் வைத்தேன். இந்தத் தடவை கதவும் இல்லை, அண்ணாவும் இல்லை. நேரே என்னிடம்தான் பேச வேண்டியிருந்தது.

"இதை நான் எழுதலை" என்றேன்.

"பத்திரிகையின் கௌரவம்னு ஒண்ணு இருக்கு. கொஞ்சம் திருத்தியிருக்கேன்."

"திருத்தலை. கொன்னுட்டேள். நான் அனுப்பினதைப் போடுங்கோ. இல்லேன்னா முடிவே போடாதீங்கோ. அதுவும் இல்லேன்னா இதுக்குக் கீழே உங்க பேரைப் போட்டுக்கோங்கோ."

அவர் சிரித்தார். "உங்க பேரும் இல்லையே அம்மா. ஒரு ஸ்திரீன்னுதானே போட்டிருக்கு? அந்த ஸ்திரீ யாரா வேணா இருக்கலாம். மிஷின்ல ஏத்தியாச்சு. போயிட்டு வாங்கோ."

அண்ணாவின் கௌரவத்துக்காக என்று என் பெயரை மறைத்தார்களே, அது எதற்கு உதவும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேஜையில் இருந்த மைக்கூட்டை எடுத்து அந்தத் தாளின் மேல் கொட்டிவிட்டு வந்தேன். அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். தாள்கள் அவரிடம் ஆயிரம் இருந்தன. இருந்தாலும் கொட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது மன்னி நடுக்கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பத்திரிகைகளிலிருந்து ஒட்டகக்காரி வந்த பக்கங்களை மட்டும் கிழித்து, ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள். அந்தக் காலத்தில் தொடர்கதை முடிந்ததும் அப்படித்தான் செய்வோம். பக்கங்களைக் கோணியூசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டிப் புஸ்தகமாக்கிவிடுவோம். அது வீடு வீடாகப் போய்க் கந்தலாகித் திரும்பி வரும்.

"எங்கேடி போய்ட்டே, சொல்லாமக் கொள்ளாம? முகமெல்லாம் இப்படிக் கன்னிப்போயிருக்கே" என்றாள். ஊசியைக் காட்டி, "கடைசி மாசத்தது வந்துட்டா தைச்சுடலாம்" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். மன்னி ஊசியைக் கீழே வைத்தாள். கடைசியில், "கால்லயா விழுந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

"அந்தக் கிழட்டு ஒட்டகத்தையெல்லாம் வச்சுண்டு அத்தனை கஷ்டப்பட்டாளே. அதையும் அவன்கிட்டயே குடுத்துட்டாளா?"

"குடுத்துட்டா."

மன்னி அடுக்கிய பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ கடைசியில அதைத் தைக்க வேண்டாம்" என்றாள். "நீ எழுதினதை ஒரு தாள்ல எழுதிக் குடு. அதைச் சேர்த்துத் தைச்சுடறேன். நம்மாத்துப் புஸ்தகத்துல என்ன இருக்கணும்னு அவரா வந்து சொல்றது?"

எனக்கு அதுவரை தோன்றவில்லை. அச்சில் வந்ததுதான் கதை என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பத்திரிகை ஒரு மாதத்தில் பொட்டலம் கட்டப் போய்விடும். தைத்து வைக்கிறதுதான் நிற்கும். அதைத் தைக்கிறவர்கள் பெண்கள்.

அண்ணாவிடம் மறைக்கவில்லை. சாப்பிடும்போது சொன்னேன். மைக்கூட்டைக் கொட்டியதையும் சொன்னேன். பத்திராதிபர் ஏற்கெனவே ஆபீஸுக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. "எழுதிக்கோ. என் பேரை அதுல இழுக்காதே" என்றார். அதற்குப் பிறகு வெகு நாள் என்னோடு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் போய்ச் சமாதானம் பேசவில்லை.

பத்திரிகை வெளிவந்ததும் வக்கீல் வீட்டுக்குப் போனேன். மன்னியும் வந்தாள். அன்றைக்குக் கூட்டம் அதிகம். கடைசி அத்தியாயம் என்று எல்லாருக்கும் தெரியும். வக்கீல் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரித்தாள். புருஷன் வெயிலில் நடந்து வருகிறான், தண்ணீர் கொடுக்கிறாள். அந்த இடத்தில் நான் எழுந்து நின்றேன்.

"மாமி, இதுக்கு மேல நான் எழுதினது இல்லை. அவர் எழுதினது. நான் எழுதினது இதோ இருக்கு."

வக்கீல் மனைவி என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள், பத்திரிகையைப் பார்த்தாள். "ரெண்டையும் படிக்கறேன்" என்றாள். "முதல்ல அச்சுல இருக்கறது."

படித்தாள். குரலில் ஒன்றும் கூட்டாமல், குறைக்காமல் படித்தாள். 'நாதா' என்று வந்தபோது பின்னாலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு என்னுடையதைப் படித்தாள். படித்து முடித்ததும் கூடம் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"என்ன இருந்தாலும் புருஷன். வெயில்ல வந்து நிக்கறான், உள்ளே கூப்பிட வேண்டாமா?" என்றாள் சிரிக்காத இரண்டு பேரில் ஒருத்தி.

"அவ நின்னாளே, அப்ப யார் கூப்பிட்டா?" என்றாள் வெற்றிலை மாமி.

"தண்ணி குடுத்தாளோன்னோ, போறாதா? என்னைக் கேட்டா அதுவே ஜாஸ்தி."

"இப்படியெல்லாம் எழுதினா, நாளைக்கு நம்ம பொண்ணுகளை யார் கட்டிப்பா?"

"கட்டிண்டவன் எல்லாம் என்ன கிழிச்சுட்டான்?"

அப்படிச் சொன்னது திரி திரித்துக்கொண்டிருந்தவள். அதுவரை அவள் பேசி நான் கேட்டதில்லை. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரியைத் திரித்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு அந்தத் தாள் ஒண்ணு வேணும்" என்றாள். "தைச்சு வச்சுக்க."

அவள் கேட்டதைப் பார்த்து இன்னும் சிலரும் கேட்டார்கள். கேட்காமல் போனவர்களும் உண்டு. அச்சில் வந்ததே நன்றாக இருக்கிறது என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்கள் அதைத் தைத்துக்கொள்ளட்டும். பொய் சொல்லி என் பக்கம் ஆள் சேர்க்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

அடுத்த நாளிலிருந்து மத்தியானம் பாத்திரம் தேய்த்ததும் நானும் மன்னியும் எதிரெதிரே உட்கார்ந்து அந்த முடிவைப் பிரதி பிரதியாக எழுதினோம். காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஒரு பக்கம் உழக்கு, ஒரு பக்கம் படி. மன்னிக்கு எழுத்து நிதானமாகத்தான் வரும். குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதுவாள். ஒவ்வொரு கட்டாக எழுதி முடிந்ததும் மயிலாப்பூருக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அங்கிருந்து திருவல்லிக்கேணிக்கும் அடையாற்றுக்கும் சம்பந்தி வீடுகளுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் மன்னி எழுதி வைத்த தாளைப் பிழை பார்க்க எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. புருஷன் அடுத்த கிணற்றைப் பார்த்துப் போகிறான். அதற்கப்புறம் நான் எழுதாத ஒரு வரி இருந்தது. 'கூடாரத்துக்குள் அவளுக்காக இன்னொரு பெண் ரொட்டி சுட்டு வைத்துக் காத்திருந்தாள்.'

"மன்னி, இது யாரு?"

"யாரு?"

"இந்தப் பொம்மனாட்டி. ரொட்டி சுட்டுண்டு உக்காந்திருக்காளே. எங்கேர்ந்து வந்தா?"

"எங்கேர்ந்தோ வந்தா. அத்தனை பெரிய பாலைவனத்துல ஒருத்தியாத் தனியா எப்படி இருப்பா? ஜுரம் வந்தா யார் கஞ்சி வச்சுக் குடுப்பா?"

"அங்கே கஞ்சி கிடையாது."

"சரி, அந்த ஊர் கஞ்சி."

"அவ தனியாத்தான் இருக்கா. நான் அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லி, அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன். மன்னி தாளின் மேல் கையை அகல விரித்து வைத்துவிட்டாள். மை காயவில்லை. அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

"இது நான் எழுதின தாள்" என்றாள். "உன் தாள்ல நீ தனியா வச்சுக்கோ. பத்திராதிபர் மாதிரி என்கிட்ட வராதே."

எனக்குக் கோபம் வந்தது. அவளிடமும் வந்தது. அரை நாள் பேசாமல் இருந்தேன். அவளும் பேசவில்லை. சாயங்காலம் அடுத்த தாளை எடுத்து, குண்டு எழுத்தில் மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள். அந்த வரியை விடாமல் எழுதினாள்.

நான் அடிக்கவில்லை. அவள் தாள்கள் அப்படியே போயின. மன்னி எழுதியது சேர்ந்த வீடுகளில் அந்தக் கூடாரத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நான் எழுதியது போன வீடுகளில் ஒருத்திதான். எங்கள் வீட்டுப் புஸ்தகத்தில் எதைத் தைப்பது என்று இருவரும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் இரண்டையும் சேர்த்தே தைத்தோம். ஒன்றிலும் அவன் உள்ளே வரவில்லை.